மலையகத்தில் முதியோர் பராமரிப்பும் புனர்வாழ்வும்: வைத்தியர்களின் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையக வைத்தியசாலைகளுக்கு வேலைக்கு வரும் இளம் வைத்தியர்களுக்காகவும் மருத்துவ பீட மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வீட்டில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் வாசிக்கலாம், வைத்தியரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரியவரும். தோட்டப்புறத்து முதியவர்களைப் பார்த்துக்கொண்டும், புதிதாக வரும் வைத்தியர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருக்கும் எனக்குத் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

முதியோருக்கென்று தனி மருத்துவம் எதற்கு? பொது மருத்துவம் படித்தவருக்குத் தெரியாததா?

நோய்கள் அவருக்குத் தெரியும். ஆனால் வயதானவரிடம் நோய் வேறு முகத்தோடு வரும். எழுபது வயது அம்மாவுக்கு நிமோனியா என்றால் இருமலும் காய்ச்சலும் இல்லாமலே இருக்கலாம். "நேத்துலருந்து எழும்பல, சாப்பிடல, என்னென்னமோ பேசுது" என்றுதான் மகள் கொண்டுவருவார். சிறுநீர்த் தொற்று, மாரடைப்பு, நான்கு நாளாக மலம் போகாதது, போன கிழமை தொடங்கிய புது மாத்திரை என்று எதுவாக இருந்தாலும் மகள் சொல்வது இதே வாக்கியமாகத்தான் இருக்கும்.

பெர்னார்ட் ஐசக்ஸ் என்ற பிரித்தானிய வைத்தியர் முதுமையின் நான்கு பெரும் பிரச்சினைகளை வரிசைப்படுத்தினார்: நடமாட்டம் முடங்குவது, நிலைதடுமாறி விழுவது, மலசலத்தை அடக்க முடியாமல் போவது, அறிவு மங்குவது. இவற்றில் எதுவும் ஒரு நோயின் பெயரல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஐந்தாறு காரணங்கள் சேர்ந்து நிற்கும். எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாவிட்டாலும் இரண்டு மூன்றைச் சரிசெய்யலாம். அதுவே ஒருவரைக் கட்டிலிலிருந்து எழுப்பப் போதுமாக இருக்கும். அந்தக் காரணங்களைத் தேடும் பழக்கத்தைத்தான் முதியோர் மருத்துவப் பயிற்சி தருகிறது.

"வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவது தவறு என்பதை மார்ஜரி வாரன் என்ற இன்னொரு பிரித்தானிய வைத்தியர் அதற்கும் முன்னாலேயே காட்டிவிட்டார். 1935-இல், லண்டனின் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையோடு சேர்க்கப்பட்ட ஏழைகள் விடுதியிலிருந்து 700-க்கும் மேற்பட்ட நாட்பட்ட நோயாளிகள் அவர் பொறுப்புக்கு வந்தார்கள். அவர்களில் பலர் கட்டிலை விட்டு இறங்கி நெடுங்காலம் ஆகியிருந்தது. ஒவ்வொருவரையும் முழுமையாகப் பரிசோதித்தார், உட்காரவைத்தார், நடக்கப் பழக்கினார். கணிசமானோர் வீடு திரும்பினார்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் அவரிடம் இருக்கவில்லை. அதனால்தான் வளம் குறைந்த நம்முடைய வைத்தியசாலைகளுக்கு அவருடைய வேலைமுறை இவ்வளவு பொருந்துகிறது என்று நினைக்கிறேன்.

இலங்கையில் இதை எங்கே படிக்கலாம்?

எம்.பி.பி.எஸ். முடித்து, ஒரு வருட உள்ளகப் பயிற்சியும் மருத்துவ சபைப் பதிவும் முடிந்த பிறகு, நிபுணத்துவப் பயிற்சிகளுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதியோர் மருத்துவத்தில் பட்டப்பின் டிப்ளோமா அங்கே இருக்கிறது. பொது மருத்துவத்தில் எம்.டி. வழியாகப் போய் முதியோர் மருத்துவ நிபுணராகவும் ஆகலாம். புனர்வாழ்வில் விருப்பம் உள்ளவர்களுக்கு வாதநோயும் புனர்வாழ்வும் சேர்ந்த தனி நிபுணத்துவம் உண்டு. குடும்ப மருத்துவமும் நல்ல வழிதான். தகுதி விதிகளும் அனுமதித் திகதிகளும் மாறிக்கொண்டே இருப்பதால் நிறுவகத்தின் அறிவித்தலை நேரடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்டித் தேசிய வைத்தியசாலை, பேராதனை, பதுளை போதனா வைத்தியசாலைகள், நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை ஆகியவை நமக்குக் கிட்டிய பெரிய இடங்கள். கண்டிக்கு அருகே திகனவில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது, ராகமவில் இன்னொன்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் இயன்மருத்துவர்களும் தாதியரும் பட்டம் பெற்று வருகிறார்கள். திகனவில் சில நாட்கள் நின்று பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், மலையகத்தின் முதல் தேவை கண்டியில் இன்னொரு நிபுணர் அல்ல. தலவாக்கலை, மஸ்கெலியா, பூண்டுலோயா, ஹப்புத்தளை போன்ற ஊர்களில் உள்ள வைத்தியசாலைகளில், முதியோரைப் பார்க்கப் பழகிய ஒரு சாதாரண வைத்தியராவது இருக்க வேண்டும். முதியவர் முதலில் வந்து சேர்வது அங்கேதான்.

நான் நிபுணராகப் போவதில்லை. சிறிய வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவைப் பார்க்கிறேன். எனக்கு எவ்வளவு தெரிந்தால் போதும்?

கேட்க வேண்டிய கேள்வி இது. கிளினிக் நாளில் விடிவதற்கு முன்பே வரிசை தொடங்கிவிடும். ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். அதற்குள் முழு மதிப்பீடு செய்ய முடியாது, செய்ய வேண்டியதும் இல்லை. மாதாமாதம் வருபவர்தானே? ஒவ்வொரு மாதமும் ஒன்றைப் பாருங்கள்.

முதல் மாதம் அவர் கதவிலிருந்து கதிரை வரை நடந்துவருவதை மட்டும் தலைநிமிர்ந்து பாருங்கள். கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தால் இதைத் தவறவிட்டுவிடுவோம். சந்தேகமாக இருந்தால், கதிரையிலிருந்து எழுந்து, 3 மீற்றர் நடந்து, திரும்பிவந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ எடுத்தால் விழும் ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் படுத்திருக்கும்போது பிரஷரை அளந்து, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் மறுபடி அளங்கள். மேல் எண் 20 குறைந்தாலோ கீழ் எண் 10 குறைந்தாலோ, காலையில் எழும்பும்போது வரும் தலைச்சுற்றுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அதற்கடுத்த மாதம் பாதங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, விரல்களுக்கிடையிலும் பாருங்கள். நுவரெலியாக் குளிரில் பெரியவர்கள் அடுப்பண்டையில் காலை நீட்டி உட்காருவார்கள். சீனி வருத்தத்தால் கால் மரத்துப்போனவருக்குச் சுட்டது தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். பிறகு கண், காது, பல், நிறை, மனநிலை. காது கேட்காத ஒருவருக்கு மறதி நோய் என்று முடிவுகட்டுவதற்கு முன்னால், காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒருவரின் நாளாந்த இயலுமையை எழுதிவைக்க 1965-இல் வெளியான பார்தெல் அளவுகோல் இன்றும் போதும். சாப்பிடுவது, குளிப்பது, உடுப்பது, மலசலம், நடப்பது, படியேறுவது என 10 விடயங்கள், மொத்தம் 100 புள்ளி. இதை எழுதிவைத்தால் அடுத்த வைத்தியருக்குப் பெரிய உதவி. "முன்னால் எப்படி இருந்தார்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் பல முதியவர்களை நாம் சரியான நேரத்தில் மீட்டெடுக்கத் தவறுகிறோம்.

வார்ட்டில் நன்றாக நடந்தவர், வீட்டுக்குப் போன கிழமையே விழுந்துவிட்டார். எங்கே பிழை?

வார்ட்டுத் தரை சமதரை, வெளிச்சம் உண்டு, கட்டிலுக்குப் பக்கத்திலேயே மலசலகூடம், அதிலும் பல இடங்களில் கொமோட். பார்தெலில் அவர் எடுத்த 80 புள்ளி அந்தத் தரைக்குத்தான் பொருந்தும். அவருடைய லயம் (தோட்டத்து வரிசை வீடு) எங்கே இருக்கிறது? ரோட்டிலிருந்து இறங்கும் படி கருங்கல்லா, வெறும் மண்வெட்டா? மழைநாளில் பாசி பிடிக்குமா? கக்கூஸ் எத்தனை அடி தள்ளி? குந்தி உட்காரும் கக்கூஸ் என்றால் பிடித்து எழும்ப ஏதாவது இருக்கிறதா? தண்ணீர் பீலியிலிருந்து தூக்கிவர வேண்டுமா? இரவில் எத்தனை தடவை எழும்புகிறார்? காம்பராவுக்கும் (அறை) இஸ்தோப்புக்கும் (முன் திண்ணை) நடுவே உள்ள வாசற்படி எவ்வளவு உயரம்? பலர் நெருங்கிப் படுக்கும் சிறிய காம்பராவில், இருட்டில் எழும்பும் பெரியவர் யார் காலைத் தாண்டிப் போக வேண்டும்?

இவை ஒன்றும் வார்ட்டில் தெரியாது. அதனால், முதியோர் பராமரிப்பைக் கற்கும் எந்த வைத்தியரையும் நான் முதலில் லயத்துக்குத்தான் அனுப்புவேன். வீடு பார்க்கப் போகாமல் இந்தத் துறையில் பயிற்சி முடிந்ததாகச் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பயிற்சியில் இருப்பவர், தான் வீட்டுக்கு அனுப்பிய ஒரு நோயாளியின் வீடு வரை, அவர் நடக்க வேண்டிய அதே படியில் இறங்கிப் பார்க்கட்டும். திரும்பிவந்து எழுதும் சிகிச்சைத் திட்டம் முற்றிலும் வேறாக இருக்கும். "தினமும் 30 நிமிடம் நடக்கவும்" என்று எழுதும் கை, "கக்கூஸ் வரை கயிறு கட்டவும், ஊன்றுகோலின் நுனிக்குப் புது ரப்பர் போடவும், படியின் விளிம்புக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கவும்" என்று எழுதத் தொடங்கும்.

வீட்டில் செய்யக்கூடிய மாற்றங்கள் பெரும்பாலும் செலவில்லாதவை. பழைய பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி, குந்து கக்கூஸின் மேல் அசையாதபடி வைத்தால் கொமோட் ஆகிவிடும். தரை சமமாக இருக்கிறதா, கதிரை நால் காலிலும் உறுதியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரவுக்குக் கட்டிலருகே ஒரு வாளி, ஒரு டோர்ச். சுவரில் தோளுயரத்துக்குக் கீழே ஒரு மூங்கில் அல்லது சவுக்குக் கம்பு.

வயது தெரியாதவரிடம், பள்ளிக்கூடம் போகாதவரிடம் ஞாபகச் சோதனை எப்படிச் செய்வது?

பாடப்புத்தகத்தில் உள்ள சோதனைகளில் பல, வாசிக்கவும் எழுதவும் தெரிந்தவருக்கானவை. ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால், சின்ன வயதிலேயே கொழுந்தெடுக்க மலையேறிய அப்பாயி என்ன செய்வார்? அவருடைய மூளைக்கு ஒன்றுமில்லாமலே புள்ளி குறைந்துவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு. "படிக்காதவங்கதானே" என்று சொல்லி உண்மையான மறதி நோயைக் கவனிக்காமல் விடுவதும் நடக்கிறது.

கல்வியையும் பண்பாட்டையும் அதிகம் சாராதபடி சிட்னியில் உருவாக்கி 2004-இல் வெளியிட்ட ரூடாஸ் என்ற சோதனையை நான் விரும்புகிறேன். 30 புள்ளி. கடைக்குப் போய் வாங்கிவர நான்கு பொருட்களை நினைவில் வைக்கச் சொல்லும்: தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சவர்க்காரம். வாகனம் ஓடும் ரோட்டை எப்படிக் கடப்பீர்கள் என்று கேட்கும். விலங்குகளின் பெயர்களைச் சொல்லச் சொல்லும். நம் ஆட்களிடம் கேட்கத் தயக்கமில்லாத கேள்விகள். கனசதுரம் வரையச் சொல்லும் ஒரு பகுதி மட்டும் பேனை பிடிக்காத கைக்குச் சிரமம், அதை மனதில் வைத்துப் புள்ளியைப் பாருங்கள்.

சோதனைப் புள்ளியை விட வீட்டார் சொல்வது முக்கியம். தேத்தண்ணி ஊற்றத் தெரிகிறதா? சீனி போட்டதை மறந்து மறுபடி போடுகிறாரா? எண்ணிக் கொடுத்த காசைச் சரிபார்க்கிறாரா? எந்த மலையில் எந்த வருடம் கவ்வாத்து (தேயிலைச் செடி வெட்டுவது) என்று விரல்நுனியில் வைத்திருந்தவர், இப்போது பழகிய குறுக்குப் பாதையில் தடுமாறுகிறாரா? ஆறு மாதமாகவா, ஆறு நாளாகவா? ஆறு நாள் என்றால் அது மறதி நோயாக இருக்க வாய்ப்புக் குறைவு. திடீர்க் குழப்பநிலை அவசர நோய். தொற்றையும், மருந்தையும், நீரிழப்பையும், மலச்சிக்கலையும் அன்றைக்கே தேட வேண்டும்.

வயது விஷயம் தனி. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களும், அடையாள அட்டையில் உத்தேசமாக ஒரு வருடம் எழுதப்பட்டவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். அப்போது காலத்தைச் சம்பவங்களால் அளக்க வேண்டும். மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964-இல் வந்தபோது வயதுக்கு வந்திருந்தாரா? 1970-களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் பஞ்சம் வந்தபோது கைப்பிள்ளை இருந்ததா? உறவினர் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது வேலைக்குப் பேர் பதிந்திருந்தாரா? இப்படிக் கேட்கும்போது வயதோடு சேர்த்து நீண்டகால நினைவாற்றலும், அவர் சுமந்துவந்த இழப்புகளும் வெளிவரும். 1974-இல் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் இன்றைய மனச்சோர்வை, அந்தக் கதை தெரியாமல் மாத்திரையால் மட்டும் தொடமுடியாது. இந்த வரலாற்றை மருத்துவ பீடங்களில் யாரும் சொல்லித்தருவதில்லை. மலையகத்துக்கு வரும் ஒவ்வொரு வைத்தியருக்கும் இது பாடமாக இருக்க வேண்டும்.

மருந்துகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

எண்ணிக்கையை. ஐந்துக்கு மேல் போனால் ஒவ்வொன்றும் எதற்கு என்று கேளுங்கள். ஒரு பையில் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள்: கிளினிக் மாத்திரை, தோட்டத்து டிஸ்பென்சரியில் வாங்கியது, டவுன் பார்மசியில் கேட்டு வாங்கிய "முழங்கால் குளிசை", நாட்டு மருந்து எல்லாவற்றையும்.

அடிக்கடி காணும் சங்கிலி ஒன்று இருக்கிறது. பிரஷருக்கு அம்லோடிபின் கொடுப்போம், கால் வீங்கும். வீக்கத்துக்கு புருசமைட் கொடுப்போம், இரவில் சிறுநீர் போகும். இருட்டில் கக்கூஸுக்குப் போகும்போது விழுவார். விழுந்த வலிக்கு டைக்ளோபினாக், அது சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும், பிரஷரையும் ஏற்றும். பிரஷர் ஏறியதைப் பார்த்து அம்லோடிபினைக் கூட்டுவோம். முதல் கண்ணியைக் கழற்றினால் மற்றவை தானாகக் கழன்றுவிடும். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் பிரிட்டோன் (குளோர்பெனிரமின்), தூக்கத்துக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் இரண்டும் முதியவரைக் குழப்பும், மலத்தைக் கட்டும், சிறுநீரை நிறுத்தும். கிளிபென்கிளமைட் எடுப்பவர் காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டால் சீனி ஆபத்தாக இறங்கிவிடும்.

இடுப்பு உடைந்துவிட்டது. "வயசானவங்க, ஒப்பரேஷன் வேணாம், படுக்க வச்சுப் பாத்துக்கிறோம்" என்று குடும்பம் சொல்கிறது. என்ன சொல்வது?

அன்பால் சொல்கிறார்கள், பயத்தால் சொல்கிறார்கள். அதை மதித்துக்கொண்டே உண்மையைச் சொல்லுங்கள். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையிலேயே இருப்பவருக்கு வலி நிற்காது. படுக்கைப் புண், நிமோனியா, காலில் இரத்தக் கட்டு ஒன்றன்பின் ஒன்றாக வரும். சத்திரசிகிச்சையின் முதல் நோக்கம் வலியில்லாமல் உட்காரவைப்பது. இயன்றவரை ஓரிரு நாளுக்குள் செய்துவிட்டு, மறுநாளே எழுப்ப வேண்டும். "ஓய்வு எடுக்கட்டும்" என்பதுதான் அந்த நேரத்தில் பெரிய கெடுதல். ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்துச் செய்த ஒரு ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்திருந்தது. நம் பாட்டிமாருக்கு இழக்க அவ்வளவு தசையே கிடையாது. வாழ்நாள் முழுக்க ரொட்டியும் தேத்தண்ணியுமாகச் சாப்பிட்டவர்களுக்கு முட்டை, பருப்பு, நெத்தலி, பால் என்று புரதம் சேர்ப்பதும் சிகிச்சையின் பகுதி. உடற்பயிற்சி மட்டும் சொல்லிவிட்டு, தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடாதீர்கள்.

இன்னொன்று: விழுந்தவர் ஏன் விழுந்தார் என்று கண்டுபிடிக்காமல் அனுப்பினால் மற்ற இடுப்பையும் உடைத்துக்கொண்டு வருவார்.

பாரிசவாதத்துக்குப் பின்னான புனர்வாழ்வை, இயன்மருத்துவர் இல்லாத இடத்தில் எப்படிச் செய்வது?

முதலில் அவசரப் பகுதி. முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் உடனே 1990 அம்புலன்ஸ். இரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசிக்கு 4½ மணித்தியாலம்தான் எல்லை. மலைப்பாதையில் அந்த நேரம் எப்படிக் கரையும் என்பது உங்களுக்குத் தெரியும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளும்படி குடும்பங்களுக்குச் சொல்லிவையுங்கள்.

பிறகு வருவதுதான் நீண்ட வேலை. தண்ணீர் கொடுப்பதற்கு முன் விழுங்குகிறாரா என்று பார்ப்பது, விழுந்த கையைத் தோளிலிருந்து இழுக்காமல் தூக்குவது, இரண்டு மணித்தியாலத்துக்கொரு தடவை புரட்டுவது, பலவீனமான பக்கத்திலிருந்தே அவரோடு பேசுவது எல்லாம் வைத்தியரே செய்யத் தெரிந்திருக்க வேண்டியவை. "அது தாதியருடைய வேலை" என்று நினைத்தால், சொல்லிக்கொடுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. பயிற்சியில் நான் விடாமல் வைத்திருக்கும் ஒரு பகுதி இது: வைத்தியர் ஒருவர் கட்டிலில் படுத்துக்கொள்வார், இன்னொருவர் அவரைப் புரட்டி, உட்காரவைத்து, கரண்டியால் கஞ்சி ஊட்டுவார். ஊட்டுபவர் நின்றுகொண்டு அவசரமாக ஊட்டினால் எப்படி மூச்சு முட்டுகிறது என்பது அன்றைக்குத்தான் உடம்பில் பதியும்.

இலக்கை நோயாளியிடமே கேளுங்கள். "கையின் பலம் கூட வேண்டும்" என்று எந்தப் பாட்டியும் சொல்லமாட்டார். இஸ்தோப்பில் உட்கார்ந்து வெயில் காய வேண்டும் என்பார், தானாகக் கக்கூஸுக்குப் போக வேண்டும் என்பார், தோட்டத்து அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போக வேண்டும் என்பார். அதிலிருந்து பின்னோக்கி வேலையைப் பிரியுங்கள்: முதலில் கட்டில் ஓரத்தில் பத்து நிமிடம், பிறகு கதிரை, பிறகு வாசற்படி. இயன்மருத்துவரை ஒரு தடவையாவது பார்த்து, வீட்டில் செய்ய வேண்டியதைப் படமாகவோ போனில் வீடியோவாகவோ எடுத்துக்கொண்டு வரச் செய்யுங்கள். பாதி வழியில் குடும்பம் சோர்ந்துபோகும். அப்போது கிளினிக்கில் உங்கள் கேள்வி பிரஷரோடு நின்றுவிட்டால், வீட்டில் பயிற்சியும் நின்றுவிடும்.

நீண்டகாலப் பராமரிப்பு என்றால் முதியோர் இல்லமா?

இங்கே பெரும்பாலும் வீடுதான். 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 12.4 சதவீதம், அதன்பின் அந்தப் பங்கு கூடிக்கொண்டே போகிறது. அதே நேரத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விடுகிறார்கள். பல லயங்களில் பகலில் மிஞ்சுவது கிழவிகளும் கைக்குழந்தைகளும். பார்த்துக்கொள்ள வேண்டிய வயதில் இருப்பவர்தான் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

படுக்கையில் விழுந்தவரை யார் பார்ப்பது? பெரும்பாலும் மகள் அல்லது மருமகள். அவர் வீட்டில் நின்றால் அன்றைய பேர் விழாது, சம்பளம் கிடையாது. காலையில் கஞ்சி ஊட்டிவிட்டு மலைக்குப் போய், பகல் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் ஓடிவந்து புரட்டிவிட்டு, மறுபடி ஓடும் பெண்களை எனக்குத் தெரியும். படுக்கைப் புண்ணோடு ஒரு முதியவர் வந்தால் "ஏம்மா கவனிக்கல?" என்று அந்தப் பெண்ணைத் திட்டுவது கொடுமை. அவருடைய முதுகுவலியையும் தூக்கத்தையும் பற்றிக் கேளுங்கள். பக்கத்துக் காம்பராவில் பகலில் இருப்பவர் யார், அவருக்குப் புரட்டச் சொல்லிக்கொடுக்கலாமா என்று பாருங்கள். பழைய சேலையை இடுப்புக்குக் கீழே விரித்து இரண்டு பக்கமும் பிடித்தால், தூக்காமல் நகர்த்தலாம். இதைக் காட்டிக்கொடுக்கச் சில நிமிடம் போதும், அந்தப் பெண்ணின் முதுகு தப்பும்.

ஒருவரும் இல்லாதவர்களுக்கு முதியோர் இல்லம் தேவைப்படும். பிள்ளைகள் கைவிட்டால், 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பராமரிப்புச் சபையில் முறையிடலாம். ஆனால் பிள்ளையிடமே இல்லாதபோது சட்டம் எதை வாங்கித்தரும் என்பதையும் யோசித்துத்தான் அந்தப் பாதையைச் சொல்ல வேண்டும்.

பணம், படிவம் எல்லாம் வைத்தியரின் வேலையா?

ஆம் என்றுதான் சொல்வேன். தோட்டத் தொழிலாளிக்கு மாத ஓய்வூதியம் இல்லை. ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, பணிக்கொடை ஆகியவை ஒரே தடவையாக வரும், பெரும்பாலும் பிள்ளையின் கல்யாணத்திலோ கடனிலோ முடிந்துவிடும். பெயரில் ஓர் எழுத்து மாறியதால் அந்தப் பணமே கிடைக்காமல் அலைபவர்களும் உண்டு. முதியோர் அடையாள அட்டை, முதியோர் கொடுப்பனவு, அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவி இவற்றுக்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவைத்திருங்கள். கிராம சேவகரும் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரும் உங்கள் குழுவில் உள்ளவர்கள்தான்.

எனக்குத் தமிழ் சரளமாக வராது. சமாளிக்கலாமா?

சிங்கள வைத்தியர்கள் பலர் இதை உண்மையான அக்கறையோடு கேட்கிறார்கள். சமாளிக்கலாம், ஆனால் கற்றுக்கொள்ளுங்கள். நூறு சொல்லில் தொடங்கினாலே பெரியவர்களின் முகம் மாறும். "அம்மா", "ஐயா" என்று கூப்பிட்டு, "நீங்க" என்று பேசுங்கள். வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க ஐயா" என்று தலையாட்டும் பழக்கம் பழைய தலைமுறைக்கு உண்டு. தோட்டத் துரைமார் காலத்திலிருந்து வந்தது அது. எனவே ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளை நம்பாதீர்கள். மருந்தை எப்படி எடுப்பீர்கள் என்று செய்துகாட்டச் சொல்லுங்கள்.

பேரனை மொழிபெயர்க்க வைப்பது தவிர்க்க முடியாமல் நடக்கும். சிறுநீர் தெரியாமல் போகிறதா, கர்ப்பப்பை இறங்கியிருக்கிறதா, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்ற கேள்விகளை மட்டும் அவன் வழியாகக் கேட்காதீர்கள். பாரம் சுமந்து, பல பிள்ளை பெற்ற பெண்களில் கர்ப்பப்பை இறக்கத்தை வருடக்கணக்காக மறைத்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ் தெரிந்த ஒரு தாதியோடு தனியாக இருந்தால்தான் அது வெளியே வரும்.

வைத்தியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதுமா?

போதாது. தோட்டத்து வைத்திய உதவியாளர், குடும்பநல உத்தியோகத்தர், பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் பகல் பராமரிப்பு நிலையம்) பொறுப்பாளர் ஆகியோர் வீடு வீடாக ஆட்களை அறிந்தவர்கள். வைத்தியருக்கான பயிற்சி நடக்கும்போது அவர்களையும் அதே அறையில் உட்காரவைப்பது நல்லது. வெளியேற்றக் குறிப்பை வெறும் மருந்துப் பட்டியலாக எழுதாமல், என்ன செய்ய முடிகிறது, எதற்கு உதவி வேண்டும், எந்த அறிகுறி வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவர் பயன்படுத்தும்படி எழுதுங்கள்.

குணமாக்க முடியாத நிலையில்?

வலியைக் குறைப்பதும் மூச்சுத்திணறலைத் தணிப்பதும் வாயை ஈரமாக வைப்பதும் முழுமையான மருத்துவம். மோர்பின் கொடுக்கப் பயப்படாமல், சரியான அளவில், மலச்சிக்கலுக்கான மருந்தோடு சேர்த்துக் கொடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எங்கே இறக்க விரும்புகிறார் என்று கேளுங்கள். பெரும்பாலானோர் லயத்தைச் சொல்வார்கள். அதற்கேற்ப முன்கூட்டியே குடும்பத்தோடும் வைத்திய உதவியாளரோடும் பேசிவைத்தால், கடைசி இரவில் மலைப்பாதையில் அவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்காது.

டிப்ளோமாவுக்கு இன்னும் காலம் இருக்கிறது. இப்போதே தொடங்க என்ன செய்யலாம்?

உங்கள் கிளினிக்கில் மாதாமாதம் வரும் ஒரு முதியவரைத் தேர்ந்தெடுங்கள். பார்தெல் புள்ளியை எழுதுங்கள். மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். குடும்பத்திடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு விடுமுறை நாளில் அவருடைய லயத்துக்குப் போங்கள். வைத்திய உதவியாளரோ குடும்பநல உத்தியோகத்தரோ கூட வந்தால் இன்னும் நல்லது. படியையும் கக்கூஸையும் அடுப்பையும் பாருங்கள், பகலில் வீட்டில் யார் என்று கேளுங்கள். ஒரே ஒரு மாற்றத்தைக் குடும்பத்தோடு சேர்ந்து முடிவுசெய்யுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்தெல் எழுதி, இரண்டு தாளையும் உங்கள் வைத்தியசாலையின் பொறுப்பதிகாரியிடம் காட்டுங்கள். கிளினிக் நாளில் முதியோருக்கென்று தனியாக ஒரு மணித்தியாலம் கேட்கும்போது அந்த இரண்டு தாளும் கையில் இருக்கட்டும்.